குஸ்கோ போகிறீர்களா? முதலில் கீழே இறங்குங்கள்

பெரு நாட்டின் குஸ்கோ நகரம் கடல்மட்டத்திலிருந்து சுமார் 3,400 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. ஊட்டியைவிட ஒன்றரை மடங்கு உயரம். தலைநகர் லிமாவோ கடற்கரை ஊர். இரண்டுக்கும் நடுவே விமானத்தில் ஒன்றேகால் மணி நேரம்தான். மலையூருக்குப் போய் இறங்கிய செய்தி உடம்புக்கு உறைக்கவே ஆறு முதல் பன்னிரண்டு மணி நேரம் ஆகும். அதனால்தான் "எனக்கு ஒன்றும் செய்யவில்லையே" என்று பெட்டியை வைத்த கையோடு ஊர் சுற்றக் கிளம்புகிறவர்கள், அன்று ராத்திரி தலைவலியும் குமட்டலுமாகத் தூங்காமல் கிடக்கிறார்கள்.

இதற்கு மாத்திரையைவிட நல்ல வழி, பயண நாள்களை அடுக்கும் வரிசையை மாற்றுவது. பெரும்பாலான பயணத் திட்டங்களில் முதல் இரண்டு நாள் குஸ்கோ, பிறகு அருகிலுள்ள புனிதப் பள்ளத்தாக்கு, பிறகு இன்கா மக்களின் பழைய மலைநகரமான மச்சு பிச்சு என்று இருக்கும். இதைத் தலைகீழாக்குங்கள். குஸ்கோ விமான நிலையத்திலிருந்து நேராகப் பள்ளத்தாக்கிலுள்ள உருபம்பாவுக்கோ ஒயான்தாய்தம்போவுக்கோ வண்டி பிடியுங்கள். ஒன்றரை முதல் இரண்டு மணி நேரப் பயணம். ஒயான்தாய்தம்போ 2,790 மீட்டர். குஸ்கோவைவிட அறுநூறு மீட்டர் தாழ்வு. அந்த அறுநூறு மீட்டரில் தூக்கமே வேறு மாதிரி இருக்கும். வழியில் சின்செரோவில் சாலை 3,700 மீட்டரைத் தாண்டி ஏறி இறங்கும். அங்கே வண்டியை நிறுத்தி நெடுநேரம் சுற்றவேண்டாம், திரும்பும்போது பார்த்துக்கொள்ளலாம்.

பள்ளத்தாக்கில் இரண்டு இரவு தங்கி, அங்கிருந்து ரயிலில் மச்சு பிச்சு போங்கள். அது 2,430 மீட்டர்தான், குஸ்கோவைவிட ஆயிரம் மீட்டர் கீழே. இது தெரியாமல் மச்சு பிச்சுவில்தான் மூச்சு வாங்கும் என்று பயந்துகொண்டே வருகிறவர்கள் நிறைய. அதையெல்லாம் முடித்துக்கொண்டு நான்காம் நாள் குஸ்கோவுக்கு ஏறினால் நகரத்தை நிம்மதியாகப் பார்க்கலாம். வானவில் மலை என்று விற்கப்படும் வினிகுங்கா ஐயாயிரம் மீட்டரைத் தாண்டுகிறது. அதற்குக் கடைசி நாள்களை ஒதுக்குங்கள். "நாளைக்கே கூட்டிப்போகிறோம், குதிரை இருக்கிறது" என்று முகவர்கள் சொல்வார்கள். குதிரை காலுக்குத்தான் உதவும், நுரையீரலுக்கு அல்ல.

உயரத்தில் காற்றில் பிராணவாயுவின் பங்கு குறைவதில்லை. அங்கேயும் 21 சதவீதம்தான். குறைவது காற்றழுத்தம். குஸ்கோவில் அது கடற்கரையில் உள்ளதில் மூன்றில் இரண்டு பங்குதான். ஒவ்வொரு மூச்சுக்கும் கிடைப்பது குறைவு என்பதால் முதல் இரண்டு நாள் நடை, சாப்பாடு இரண்டையும் பாதியாக்குங்கள். இரவில் வயிறு முட்டச் சாப்பிட்டால் தூக்கம் கெடும். பிஸ்கோ சவர் என்ற புகழ்பெற்ற மதுபானத்தை மூன்றாம் நாளுக்குத் தள்ளிவையுங்கள்.

அசெட்டசோலமைடு மாத்திரை (டயமாக்ஸ் என்ற பெயரில் கிடைக்கும்) உண்மையிலேயே உதவும். வழக்கமான அளவு 125 மில்லிகிராம், நாளைக்கு இருவேளை. ஏறுவதற்கு முந்தின நாளே தொடங்கி, போய்ச்சேர்ந்த பின் இரண்டு நாள் வரை. சல்ஃபா மருந்து ஒவ்வாதவர்களும் சிறுநீரகக் கோளாறு உள்ளவர்களும் டாக்டரைக் கேட்காமல் தொடக்கூடாது. விரல் நுனியில் ஊசி குத்துவதுபோல் இருப்பதும் அடிக்கடி சிறுநீர் கழிப்பதும் அதன் பக்க விளைவுகள், பயப்படவேண்டாம். குஸ்கோ மருந்துக்கடைகளில் 'சொரோச்சி பில்ஸ்' என்று கேட்காமலே எடுத்து நீட்டுவார்கள். அதில் இருப்பது ஆஸ்பிரினும் காஃபீனும் சார்ந்த கலவை. தலைவலி குறையும், ஆனால் உடம்பை உயரத்துக்குப் பழக்காது. ரத்தம் உறையாமலிருக்க மருந்து சாப்பிடுகிறவர்களும் வயிற்றுப்புண் உள்ளவர்களும் அதைத் தவிர்க்கவேண்டும்.

சும்மா உட்கார்ந்திருக்கும்போதே மூச்சு வாங்கினால், இருமலில் நுரை வந்தால், பேச்சு குழறினால், நேர்க்கோட்டில் நடக்கமுடியாமல் தள்ளாடினால், அது சாதாரண மலைநோய் அல்ல. "காலைவரை பார்ப்போம்" என்று காத்திருக்கக்கூடாது. ராத்திரியானாலும் பிராணவாயு கேட்டு வாங்கி, மருத்துவரை வரவழைத்து, கீழே இறங்கும் வழியைப் பார்க்கவேண்டும். விடுதி வரவேற்பில் பிராணவாயு உருளை இருக்கிறதா என்று அறை பதிவுசெய்யும்போதே கேட்டுக்கொள்ளுங்கள். அங்கே அது விநோதமான கேள்வி அல்ல.

சமையலறையோடு கூடிய வீடு எடுத்துத் தங்குகிறவர்களுக்கு ஒரு வார்த்தை. குஸ்கோவில் தண்ணீர் 88, 89 டிகிரியிலேயே கொதித்துவிடும். திறந்த பாத்திரத்தில் பருப்பு எளிதில் வேகாது; அரிசி வேகக் கூடுதல் நேரமும் கூடுதல் தண்ணீரும் பிடிக்கும். குக்கர் உள்ள வீடாகப் பாருங்கள். குழாய்த் தண்ணீரைக் குடிக்காதீர்கள். கொதிக்கவைத்தால் போதும், ஒரு நிமிடத்துக்குப் பதில் மூன்று நிமிடம் கொதிக்கட்டும்.

இனி மச்சு பிச்சு அனுமதிச்சீட்டு. பணத்தை அதிகம் வீணாக்குவது இங்கேதான். 2024 ஜூன் முதல் உள்ளே மூன்று சுற்றுவழிகள். ஒவ்வொன்றிலும் கிளைப் பாதைகள். ஒரு சீட்டு ஒரு பாதைக்குத்தான் செல்லும். எல்லோரும் பார்த்திருக்கிற அந்த முழுக்காட்சிப் படம் எடுக்கும் இடமும் நகரத்துக்குள் நடக்கும் வழியும் சேர்ந்து கிடைப்பது இரண்டாம் சுற்றுவழியில். முதலாவது மேல்தளக் காட்சிக்கானது, நகரத்துக்குள் இறங்கமுடியாது. மூன்றாவது கீழ்ப்பகுதி. பின்னால் ஊசிபோல் நிற்கும் வாய்னா பிச்சு சிகரச் சீட்டு மூன்றாவதோடு வருகிறது. சிகரத்துக்குச் சீட்டு வாங்கினால் எல்லாம் அடக்கம் என்று நினைத்து வருகிறவர்கள், அந்தப் புகழ்பெற்ற கோணத்தைப் பார்க்காமலே திரும்புகிறார்கள். சிகரம் ஏற ஆசையிருந்தால் இரண்டாம் சுற்றுவழிக்கும் தனியாக இன்னொரு சீட்டு வாங்குங்கள். முதல்முறை போகிறவர்களுக்கு இரண்டாவது மட்டுமே போதும் என்பேன்.

சீட்டை பெரு கலாச்சார அமைச்சகத்தின் இணையதளத்திலேயே நேராக வாங்கலாம். வெளிநாட்டுப் பெரியவர்களுக்குச் சாதாரணச் சீட்டு 152 சோல் (பெருவின் நாணயம்), சிகரத்தோடு 200 சோல். ஜூன், ஜூலை, ஆகஸ்ட் மாதங்களுக்கு இரண்டாம் சுற்றுவழி வெகு சீக்கிரம் தீர்ந்துவிடும். விமானச் சீட்டுக்கு முன்பே இதைப் பாருங்கள். தினமும் ஆயிரம் சீட்டு மலையடிவார ஊரான ஆகுவாஸ் காலியென்தெஸில் நேரில் விற்கிறார்கள். ஆனால் அதற்கு முந்தின நாளே வரிசையில் நின்று எண் வாங்கவேண்டும். எந்தப் பாதை கிடைக்கும் என்பது உங்கள் கையில் இல்லை. இணையத்தில் கிடைக்காதவர்களுக்கான மாற்று அது; முதல் திட்டமாக வைத்துக்கொள்ளாதீர்கள்.

படிவத்தில் பெயர் எழுதும்போது நம்மவர்களுக்குத் தனிச் சிக்கல். ஸ்பானிய வழக்கத்தில் அப்பா வழி, அம்மா வழி என இரண்டு குடும்பப்பெயர்; நம் பாஸ்போர்ட்டில் சிலருக்குக் குடும்பப்பெயர் இடமே காலி. பாஸ்போர்ட்டில் உள்ளபடியே, நுழைவுச் சீட்டு, ரயில், பேருந்து எல்லாவற்றிலும் ஒரே மாதிரி எழுதுங்கள். எண்ணில் ஒரு இலக்கம்கூடத் தவறக்கூடாது. வாசலில் அசல் பாஸ்போர்ட்டைக் கேட்பார்கள்; கைபேசிப் படம் செல்லாது.

அடிவாரத்திலிருந்து மேலே போகும் பேருந்துச் சீட்டு தனி. அரை மணி நேரப் பயணம். முதல் வண்டி காலை ஐந்தரைக்கு. நடந்தால் ஒன்றரை மணி நேரம், முழுக்கப் படியேற்றம். உள்ளே கழிப்பறை கிடையாது, வாசலுக்கு வெளியேதான். வெளியே வந்துவிட்டால் மறுபடி உள்ளே விடமாட்டார்கள். ஆகவே நுழையும் முன்பே போய்வந்துவிடுங்கள். இரண்டு சோல் சில்லறை கையில் இருக்கட்டும். 40 சென்டிமீட்டர் நீளம், 35 அகலம், 20 கனத்துக்கு மேற்பட்ட பை அனுமதியில்லை. கேமரா முக்காலி, குடை, ரப்பர் முனை இல்லாத ஊன்றுகோல் எதுவும் கூடாது. மழைக்கு மேல்சட்டைதான். ரயிலிலும் சிறிய பை மட்டுமே, அதனால் பெரிய பெட்டியை ஒயான்தாய்தம்போ விடுதியிலேயே விட்டுப் போங்கள். பெரும்பாலான விடுதிகளில் வைத்துக்கொள்வார்கள்.

மற்ற இடங்களுக்கு 'போலெத்தோ துரிஸ்திகோ' என்ற கூட்டுச்சீட்டு. பத்து நாளுக்கு 130 சோல், பதினாறு இடங்கள். சக்சாய்வாமன், பிசாக், ஒயான்தாய்தம்போ கோட்டை, மோராய் போன்ற இன்கா இடிபாடுகள் எல்லாம் இதில் அடக்கம். கதீட்ரலும் கோரிகாஞ்சா சூரியக் கோயிலும் மாராஸ் உப்பளமும் சேராது. எழுபது சோலுக்குப் பகுதிச் சீட்டும் உண்டு, ஆனால் அதன் ஆயுள் ஒன்றிரண்டு நாள்தான். பள்ளத்தாக்கில் தங்கிவிட்டு வருகிறவர்களுக்கு முழுச்சீட்டே லாபம். நகரத்துக்கு மேலே உள்ள நான்கு இடிபாடுகளையும் கீழிருந்து ஏறிக்கொண்டே பார்க்காதீர்கள். டாக்சியில் உச்சியிலுள்ள தாம்போமச்சாய்க்குப் போய், புகா புகாரா, கென்கோ, சக்சாய்வாமன் என்று இறங்கிக்கொண்டே நடந்தால் கடைசியில் ஊர் நடுவிலேயே வந்து சேர்வீர்கள்.

பணத்தைப் பொறுத்தவரை சில்லறைதான் அங்கே மரியாதை. இருநூறு சோல் தாளைச் சந்தைக்காரம்மாவிடம் நீட்டினால் அவர் கடையை விட்டுவிட்டு நாலு கடை ஏறி இறங்கவேண்டும். பெரிய தாள்களை உணவகத்திலும் விடுதியிலும் மாற்றிக்கொண்டு, பத்து, இருபது தாள்களையும் ஒன்று, இரண்டு, ஐந்து சோல் காசுகளையும் கைவசம் வையுங்கள். கள்ளநோட்டுப் புழக்கம் உண்டு. கொடுக்கும் தாளை வெளிச்சத்தில் பிடித்துப் பார்ப்பார்கள். அதில் அவமரியாதை எதுவுமில்லை, நீங்களும் அப்படியே பார்த்து வாங்குங்கள். டாலர் தாளில் ஓரம் சிறிது கிழிந்திருந்தாலும் வாங்கமாட்டார்கள். அவெனிதா எல் சோல் சாலையில் மாற்றுக் கடைகள் வரிசையாக இருக்கின்றன. விமான நிலையத்தில் மாற்றினால் நஷ்டம். டாக்சியில் மீட்டர் கிடையாது, ஏறும் முன்பே தொகையைப் பேசி முடியுங்கள். ஏறி உட்கார்ந்த பிறகு பேரம் பேசினால் தகராறுதான். விடுதியில் பாஸ்போர்ட்டைக் காட்டினால் வெளிநாட்டுப் பயணிக்கு 18 சதவீத விற்பனை வரி விலக்கு உண்டு. பில் போடும்போது கேளுங்கள்.

கடைக்குள் நுழைந்ததும் முதல் வார்த்தை விலை கேட்பதாக இருக்கக்கூடாது. காலையில் 'புவெனோஸ் தியாஸ்', மதியத்துக்குப் பின் 'புவெனாஸ் தார்தெஸ்' என்று சொல்லி, அவர் பதில் சொன்ன பிறகே பேச்சைத் தொடங்குங்கள். சிற்றூர்களில் 'அயியான்சு' என்று மலைவாழ் மக்களின் கெச்சுவா மொழியில் நலம் விசாரித்தால் முகம் மலர்வதைப் பார்க்கலாம், நன்றிக்கு 'சுல்பாய்கி'. வாங்க விருப்பமில்லை என்றால் சிரித்த முகமாக 'நோ, கிராசியாஸ்' என்று ஒருமுறை தெளிவாகச் சொல்லுங்கள். தப்பிப்பதற்காக "அப்புறம் வருகிறேன்" என்று சொல்லாதீர்கள். பிளாசா தெ அர்மாஸ் சதுக்கத்தில் விற்கிறவர்கள் முகத்தை மறக்கமாட்டார்கள். அந்த வார்த்தையை நம்பி மாலைவரை உங்களுக்காகக் காத்திருப்பார்கள். எந்த ஊர் என்று கேட்டால் 'சோய் தெ லா இந்தியா' என்பதே சரியான பதில். 'இந்தியோ' என்ற சொல் அங்கே மலைவாழ் மக்களைப் பழிக்கும் வசவாகப் பயன்பட்டது, வாயில் வரக்கூடாது.

வண்ண உடையில் ஆட்டுக்குட்டியையோ லாமாவையோ வைத்துக்கொண்டு நிற்கும் பெண்களைப் படமெடுத்தால் காசு கேட்பார்கள். அது அவர்கள் தொழில். எடுக்கும் முன்பே கேட்டுக்கொண்டு இரண்டு முதல் ஐந்து சோல் கொடுங்கள். கூட்டத்தில் மூன்று பேர் நின்றால் மூவருக்கும். தொழிலுக்கு நிற்காதவர்களை, சந்தையில் வேலையாய் இருக்கும் பாட்டிகளை, தூரத்திலிருந்து ஜூம் செய்து திருட்டுத்தனமாக எடுக்காதீர்கள். குழந்தைகளுக்கு மிட்டாயும் காசும் கொடுப்பது அவர்களைப் பள்ளியிலிருந்து தெருவுக்கு இழுக்கிறது. கதீட்ரலுக்குள் படம் எடுக்கக்கூடாது. அத்துன் ருமியோக் தெருவின் இன்காச் சுவரிலுள்ள பன்னிரண்டு மூலைக் கல்லைத் தொடக்கூடாது. 2025 பிப்ரவரியில் ஒருவர் அதை அடித்துச் சேதப்படுத்திய பிறகு காவலும் கண்டிப்பும் கூடியிருக்கின்றன. அந்தத் தெருவின் எந்த இன்காச் சுவரிலும் சாயாமலிருப்பதே நல்லது.

நெசவுப் பொருள்களைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்லவேண்டும், ஏனென்றால் ஏமாறுவதும் ஏமாற்றுவதும் இதில்தான். முப்பது நாற்பது சோலுக்கு அல்பாகா (லாமா இனத்து விலங்கின் கம்பளி) ஸ்வெட்டர் என்று விற்பது அக்ரிலிக் என்ற செயற்கை நூல். ஒரே வடிவம் பத்துக் கடையில் அடுக்கிவைத்திருந்தால் அது இயந்திரத்தில் வந்தது. உண்மையான அல்பாகா கையில் எடுத்தால் கனமாகத் தொங்கும், தொட்டால் குளிர்ச்சியாக இருக்கும், நிறங்கள் கண்ணைக் குத்தாது. கைத்தறித் துணிக்கு சின்செரோ போங்கள். சப்பாத்திக்கள்ளியில் வளரும் கொச்சினில் பூச்சியை நசுக்கிச் சிவப்பு எடுப்பதையும், எலுமிச்சைச் சாறு சேர்த்து அதே சிவப்பை ஆரஞ்சாக மாற்றுவதையும் கண்முன்னே காட்டுவார்கள். இடுப்பில் கட்டிய தறியில் ஒரு விரிப்பு முடிய வாரக்கணக்கில் ஆகும். கைவினைக் கடைகளில் பத்து சதவீதம் குறைத்துக் கேட்பது வழக்கம்தான். நெய்தவரே விற்கும்போது அதுவும் வேண்டாம். பேரம் பேசத் தெரியும் என்று நிரூபிக்க அது இடமில்லை.

சைவம் சாப்பிடுகிறவர்கள் 'வெஜிடேரியன்' என்ற ஒரு சொல்லை நம்பாதீர்கள். கோழி, இறைச்சிக் கணக்கிலேயே வராது என்று நினைப்பவர்கள் உண்டு. 'சின் கார்னே, சின் போயோ, சின் பெஸ்காதோ' (இறைச்சி, கோழி, மீன் இல்லாமல்) என்று மூன்றையும் சொல்லுங்கள். அதோடு சூப்புக்கு எந்தக் 'கால்தோ' (வேகவைத்த சாறு) என்று கேளுங்கள். கீன்வா என்ற தானியத்தின் சூப்பில் இறைச்சி மிதக்காவிட்டாலும் எலும்பு வேகவைத்த சாறு இருக்கும். மதியம் பன்னிரண்டரையிலிருந்து மூன்று வரை 'மெனு' என்ற பெயரில் சூப், ஒரு சாப்பாடு, பானம் சேர்த்து மலிவாகக் கிடைக்கும். பாலாடைக்கட்டியோடு தரும் பெரிய மணிச் சோளம், பல நிற உருளைக்கிழங்கு, அவரை, கீன்வா என்று சைவருக்கும் வயிறு நிறையும். ரொகோதோ என்ற மிளகாய் பார்க்கச் சின்னக் குடைமிளகாய். கடித்தால் கண்ணீர் வரும். சான் பெத்ரோ சந்தையில் பழச்சாறு குடித்து முடித்ததும் மிக்ஸியில் மீந்ததைக் கொசுறாக மறுபடி ஊற்றுவார்கள், உடனே எழுந்து போய்விடாதீர்கள்.

கழிப்பறைக் காகிதத்தை உள்ளே போடக்கூடாது, பக்கத்திலுள்ள கூடையில்தான். குழாய் குறுகல், அடைத்துக்கொள்ளும். தண்ணீர்க் குழாய் எங்கும் இருக்காது. ஒரு காலி பாட்டில் கூடவே இருக்கட்டும்.

விடுதிகளில் கோகா இலைத் தேநீர் எந்நேரமும் இருக்கும். உழைப்பவர்களின் களைப்பு தீர்க்கும் இலை, மண்தாய் பச்சமாமாவுக்குப் படைக்கும் இலை. கொக்கெய்ன் எடுப்பது அதிலிருந்துதான் என்பதை வைத்துப் போதைப்பொருள் கேலி பேசுவது அவர்களைப் புண்படுத்தும். கையில் கொடுத்தால் இரு கையால் வாங்குங்கள். தூக்கம் கெடாமலிருக்க மாலையில் கோகாவுக்குப் பதில் முன்யா என்ற மூலிகைத் தேநீர் நல்லது. ஆனால் கோகாவை ஒரு பொட்டலம்கூட ஊருக்குக் கொண்டுவரக்கூடாது. இந்தியாவின் 1985 போதைப்பொருள் சட்டத்தில் கோகா இலையும் அடக்கம். வழியில் இறங்கி மாறும் நாடுகளிலும் பெரும்பாலும் தடைதான்.

இந்தியக் கடவுச்சீட்டுக்கு பெரு விசா தேவை. அமெரிக்கா, கனடா, பிரிட்டன், ஆஸ்திரேலியா, ஷெங்கன் விசாக்களில் ஒன்று குறைந்தது ஆறு மாதம் செல்லுபடியாக இருந்தால் சுற்றுலாவுக்கு விலக்கு உண்டு. இதைவிடப் பலர் கோட்டைவிடுவது திரும்பி வரும்போது. மஞ்சள் காய்ச்சல் நாடுகளின் பட்டியலில் பெருவும் இருக்கிறது. குஸ்கோவில் அந்தக் கொசு இல்லை என்று வாதாடிப் பயனில்லை. தடுப்பூசிச் சான்று இல்லாமல் இந்தியாவில் இறங்கினால் ஆறு நாள் வரை தனிமைப்படுத்தலாம். இலங்கையும் சான்று கேட்கிறது. கிளம்புவதற்குப் பத்து நாளுக்கு முன்பாவது ஊசி போட்டிருக்கவேண்டும். சென்னையில் கிண்டி கிங் இன்ஸ்டிடியூட்டில் போடுகிறார்கள். ஒருமுறை போட்டால் ஆயுளுக்கும் செல்லும். அந்த மஞ்சள் அட்டையைப் பெரிய பெட்டிக்குள் போட்டுவிடாமல் பாஸ்போர்ட்டோடு சேர்த்து வையுங்கள். சுகாதார அதிகாரியின் மேசை, பெட்டி வரும் இடத்துக்கு முன்னாலேயே இருக்கிறது.